இறுகாத சீருடை

பள்ளியில் கொடுத்த கேள்வித்தாளில் மொத்தம் இருபத்தைந்து கேள்விகள். என் மகள் இருபத்து நான்குக்குச் சரியாக எழுதியிருந்தாள். ஒன்று தப்பு. அந்த ஒன்று தப்பாகப் போனதற்கு நான்தான் காரணம்.

நான் தையல்காரன். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுபவர் கடைக்கும் நடுவில் எட்டடிக்குப் பத்தடி இடம் என்னுடையது. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்ற ஒரு திரை மறைப்பு. சுற்றியிருக்கும் மூன்று பள்ளிகளுக்கும் சீருடை என் கடையில்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் தைத்த பேண்ட் எதுவும் குனியும்போது பின்னால் கிழிந்ததாகச் சரித்திரம் இல்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தக் கேள்வித்தாள் உடல் பருமனைப் பற்றியது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி என்ன தெரியும், மனசுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பள்ளி நர்ஸம்மா எல்லா வகுப்புக்கும் கொடுத்தார். ஒரு பாட்டில் குளிர்பானத்தில் எத்தனை கரண்டி சர்க்கரை இருக்கும், தூக்கம் குறைந்தால் எடை கூடுமா, பட்டினி கிடந்து இளைப்பது சரியா, குண்டாக இருப்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகளா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். என் மகள் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள். எனக்கே சில கேள்விகளுக்குப் பதில் தெரியாது. கடைசிக்கு முந்தைய கேள்வி மட்டும் சொந்த விஷயம். கடந்த ஓராண்டில் உன் உடைகள் உனக்கு இறுக்கமாகியிருக்கின்றனவா என்பது. இல்லை என்று எழுதிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த ஓராண்டில் அவள் பதினோரு கிலோ கூடியிருந்தாள். வளரும் வயதில் நான்கைந்து கிலோ கூடுவது இயல்புதான் என்று நர்ஸம்மா சொன்னாராம். பதினொன்று இயல்பில்லை. எடைத் தாளையும் விடைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாம் சரியாக எழுதிய பெண் இதில் மட்டும் ஏன் பொய் எழுதினாய், வெட்கமாக இருந்ததா என்று கேட்டிருக்கிறார். அதட்டவில்லை, தோளில் கை போட்டுக்கொண்டுதான் கேட்டார். அதுதான் இவளுக்கு அதிகமாகச் சுட்டது.

இன்னொரு தாளும் அன்றைக்கே கைக்கு வந்தது. முந்தின வாரம் பள்ளியில் ரத்தம் எடுத்தார்கள்; சம்மதம் என்று நான்தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் பரிசோதனை அது. ஐந்து புள்ளி ஏழுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ஆறரைக்குப் போய்விட்டால் அதற்குப் பெயர் நோய். என் மகளுக்கு ஆறு புள்ளி மூன்று.

என் அண்ணனுக்கு அந்த நோய் வந்துதான் இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. அவருக்குப் பேண்ட் தைக்கும்போது ஒரு காலை மட்டும் மடித்து அடித்துக் கொடுக்கிறேன். அதனால் ஆறு புள்ளி மூன்று என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் நேராகக் கடைக்கு வந்தாள். உள்ளே வக்கீலம்மா கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு திரைக்குப் பின்னால் போய், பையிலிருந்த விளையாட்டு அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, சீருடைப் பேண்ட்டை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி என் வெட்டு மேசையில் விரித்தாள். பின் தையலில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஐந்து பழைய தையல் தடங்கள். இரண்டு பக்கத் தையல்களிலும் அதே ஐந்து. வெளிப்புறத்தில் ஊசித் துளைகளை ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்து நான் மறைத்துவிட்டேன். உள்புறத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.

என் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். சீருடைக்கு வழக்கமாக ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விட்டுத் தைப்பார்கள். மகளுக்கு மட்டும் நான் ஒவ்வொரு தையலிலும் தாராளமாக விட்டிருந்தேன். அவளிடம் இரண்டு செட். ஒன்றை அவள் போட்டுக்கொண்டு போகும் நாளில் மற்றது துவைத்துக் காய்ந்து கடைக்கு இஸ்திரிக்கு வரும். கொக்கி கொஞ்சம் இழுபட்டுத் தெரிந்தால் போதும், தையலைப் பிரித்து அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் தளர்த்திவிடுவேன். மறுநாளே அடுத்த செட்டுக்கும் அதே வைத்தியம். ஒன்று தளர்வாகவும் ஒன்று இறுக்கமாகவும் இருந்தால் குட்டு உடைந்துவிடும் அல்லவா. ஒரு வருஷமாக இப்படி. என் தொழிலில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அது என்று அப்போது எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

மகள் அத்தோடு விடவில்லை. மேசைக்கடியில் கிடந்த என் அளவு நோட்டை எடுத்துப் புரட்டினாள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவளுடைய பக்கத்தை, என் மனைவி கண்ணில் பட்டால் வம்பு என்று, 'ஜன்னல் திரை' எனத் தலைப்புப் போட்டு எழுதி வைத்திருந்தேன். அதில் இடுப்பு, தொடை என்று இரண்டு வரிசை; இடுப்பு இருபத்தொன்பதரை, முப்பது, முப்பத்தொன்று என்று ஏறிக்கொண்டே போய் முப்பத்து நான்கில் நின்றது.

"அப்பா, எந்த ஊர் ஜன்னலுக்கு இடுப்பும் தொடையும் இருக்கு?"

சிரித்திருக்க வேண்டிய கேள்வி. அவள் சிரிக்கவில்லை. நூல் கண்டை எடுத்து வைப்பதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தேன். அவள் கண் கலங்கியது, ஆனால் அழவில்லை.

"நான் பொய் எழுதலப்பா. எனக்கு இறுகவே இல்லை. என் உடம்பு எங்கிட்ட சொல்ல வேண்டியதை நீங்க நடுவுல நின்னு வாங்கி வச்சுக்கிட்டீங்க" என்றாள்.

என்னை யாராவது திட்டினால் நான் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவன். கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். இவள் திட்டவே இல்லை, அதனால் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

வீட்டில் என் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் முதலில் எனக்குத்தான் அர்ச்சனை நடந்தது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறாள். சாயங்காலம் விற்காமல் மிஞ்சிய பன், கேக், க்ரீம் ரொட்டியை வேலையாட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். தினம் ஒரு பை வீட்டுக்கு வரும். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு எப்போதும் வாய் வந்ததில்லை. பிள்ளை பசியோடு பள்ளி விட்டு வந்தால் கையில் முதலில் கிடைப்பது அந்தப் பைதான். அம்மா ஊட்டினாள், அப்பா நான் தளர்த்தினேன். இரண்டு பேருக்குமே நாங்கள் பாசம் காட்டுகிறோம் என்றுதான் நினைப்பு.

மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு, நாளையிலிருந்து இந்த வீட்டில் வேகவைத்த காய்கறியைத் தவிர எதுவும் கிடையாது என்று சபதம் போட்டாள். நானும் சும்மா இல்லாமல், விடிகாலையில் எழுப்பி ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கிறேன் என்றேன். எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பதினாலு வயசுப் பெண் இரண்டு கையையும் காட்டி எங்களை நிறுத்தினாள்.

"நாளைக்கே எல்லாத்தையும் மாத்தினா வெள்ளிக்கிழமைக்குள்ள பழைய மாதிரி ஆயிடுவோம்மா. எனக்கு ஒல்லியாகணும்னு ஆசையில்லை. பெரியப்பா மாதிரி ஆகக் கூடாது, அவ்வளவுதான்."

நாலு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை நான் சொல்கிறபடி இருங்கள் என்றாள். பேக்கரிப் பை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வரலாம். மற்ற நாளில் பள்ளி விட்டு வந்ததும் முட்டையோ பழமோ இருந்தால் போதும். வாங்கிவைக்கும் குளிர்பானம் இனி வேண்டாம், கடைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். சாப்பிடும்போது டிவி கூடாது, அது அப்பாவுக்கும் பொருந்தும். இதையெல்லாம் ஏதோ வெளியூர்ப் பயணத்துக்குச் சாமான் சொல்லுகிற மாதிரி சாவகாசமாகச் சொன்னாள். எனக்குத் தனியாக ஒரு கட்டளை போட்டாள். கேட்காமல் தையலைப் பிரிக்கக் கூடாது. மாசக் கடைசிச் சனிக்கிழமை இடுப்பை அளந்து, வந்த அளவை வந்தபடி சொல்ல வேண்டும். நான் தலையாட்டினேன்.

பிறகு பார்த்ததை நான் என்னவென்று சொல்வேன். ஒரு வேலையைத் தொடங்கினால் பத்தாம் நாள் பரணில் போட்டுவிடும் பரம்பரை எங்களுடையது. இவள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று தெரியவில்லை. பள்ளிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். மழை பெய்தால் குடையோடு நடந்தாள். கடையில் துணிக் கட்டு வந்து இறங்கினால், நான் கூப்பிடுவதற்கு முன் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோய் அடுக்கினாள். ஒரு நாள் பிறந்தநாள் விருந்துக்குப் போனவள் கேக்கை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, ஒரு துண்டு ரசித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். இதென்ன, விரதம் கலைந்துவிட்டதா என்று நான் கிண்டல் செய்தேன். விரதம் இருந்தால்தானே கலையும் என்றாள்.

அவளோடு நடக்க ஒரு தோழி சேர்ந்துகொண்டாள். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் குச்சி. பெயருக்கேற்ற உடம்பு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு, எங்கே தானும் குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் மத்தியானச் சாப்பாட்டைக் குப்பைத்தொட்டியில் போடும் பழக்கம். என் மகள் அதைக் கண்டுபிடித்தாள். யாரிடமும் போட்டுக் கொடுக்கவில்லை. தினமும் குச்சியின் எதிரில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து, நீ ஒரு வாய், நான் ஒரு வாய் என்று சாப்பிடத் தொடங்கினாள். இரண்டு வாரத்தில் குச்சி தன் டப்பாவைத் தானே காலி செய்தாளாம். எடையைக் குறைக்க வேண்டிய பெண் இன்னொருத்தியைச் சாப்பிட வைக்கிறாளே என்று நான் ஆச்சரியப்பட்டேன். இளைப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு என்பது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வயதில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கேலி செய்வதும் கேலி செய்யப்படுவதும்தான்.

வக்கீலம்மா கோட்டை வாங்க வந்த அன்று இவளும் கடையில் இருந்தாள். அவர் நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடியே, எவ்வளவு லட்சணமான முகம், உடம்பை மட்டும் கொஞ்சம் கட்டுக்குள் வைத்திருக்கக் கூடாதா என்று இவளைப் பற்றி என்னிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோட்டின் கையை ஒரு இஞ்ச் குட்டையாக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் மகள் பணிவாகச் சொன்னாள்.

"முகத்துக்கு ஒண்ணும் ஆபத்தில்லைன்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி. சர்க்கரைதான் எல்லையில நிக்குது. அதுக்குத்தான் நடந்துக்கிட்டிருக்கேன்."

கோர்ட்டில் எத்தனையோ பேர் வாயை அடைத்த வக்கீலம்மா பதில் பேசாமல் பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தனக்கும் ஏழு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, வீட்டில் மூத்த மகனுக்குக்கூடத் தெரியாது என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் மாசம் முப்பத்து நான்கு, முப்பத்து மூன்றரை ஆனது. உண்மையான முப்பத்து மூன்றரை. இரண்டாவது மாசம்தான் நான் கெட்டேன்.

அந்த மாசம் அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். பரீட்சை வேறு. தூக்கம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள், கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கட்டுகளைத் தூக்கினாள். சனிக்கிழமை கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மூச்சைப் பிடிக்கவில்லை, அது ஏமாற்று வேலை என்பாள். டேப்பைச் சுற்றினேன். முப்பத்து மூன்றே முக்கால். கால் இஞ்ச் கூடியிருந்தது.

டேப்பை நான் சொன்னபடி பேச வைக்க எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக இதுதானே வேலை. சட்டை தைக்க வரும் தொப்பைக்காரர்களை நோகடிக்காமல் இருக்க நாங்கள் எல்லாரும் செய்வதுதான். டேப் முழுதாகச் சுற்றி வருவதற்கு ஒரு இஞ்ச் முன்னாலேயே நிறுத்தி, இடைவெளியை விரலால் மறைத்து, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும். அந்தக் கண்களைக் கண்ணாடியில் பார்த்தேன். முப்பத்திரண்டரை என்று சொல்லிவிட்டேன்.

அவள் துள்ளிக் குதித்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். சாவி வெட்டும் அண்ணன் எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பொய் சொன்னது நான்தான் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தாள். குச்சியிடமும் நர்ஸம்மாவிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நர்ஸம்மா மகிழ்ந்துபோய், எங்கே நானும் பார்க்கிறேன் என்று தன் டேப்பை எடுத்திருக்கிறார். முப்பத்து மூன்றே முக்கால். உன் அப்பா டெய்லர்தானே என்று கேட்டாராம். அந்தக் கேள்வியில் என் மானமே போயிற்று. ஆனால் மகள் அதைப் பற்றிப் பேச வரவில்லை. ஸ்டூலை இழுத்து என் மெஷினுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல நான் குண்டாகலன்னு ஒரு பொய். இப்போ நான் இளைச்சுட்டேன்னு ஒரு பொய். நடுவுல நிஜமா இருக்கிற என்னை நீங்க பார்க்கவே மாட்டீங்களாப்பா?"

மெஷினை நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை திறந்திருக்கிறது, தெருவில் ஆள் போகிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. என் மனைவிக்குக்கூடச் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். பன்னிரண்டு வயதில் நான் அவளைவிடக் குண்டு. வருஷத்துக்கு ஒரே கால்சட்டைதான் வாங்கித் தருவார்கள். ஒரு நாள் காலை, பள்ளி முழுக்க வரிசையில் நிற்கும்போது, நான் தும்மினேன். இடுப்புப் பட்டன் தெறித்துப் போய்த் தலைமையாசிரியர் காலடியில் விழுந்தது. அறுநூறு பேர் சிரித்தார்கள். பள்ளி முடிக்கும்வரை என் பெயர் பீரங்கி. எனக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டன் தெறிக்கவே கூடாது என்று நான் நினைத்தது அன்றைக்கு. தையல் கற்றுக்கொண்டதே அதற்காகத்தானோ என்னவோ.

தலைமையாசிரியர் காலடி என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். பிறகு அவள் முகம் மாறியது.

"பட்டன் தெறிச்சதுல உங்க தப்பு என்னப்பா இருக்கு? சிரிச்சவங்க தப்பு அது. என் பட்டன் தெறிச்சா நான் பார்த்துக்கறேன். நீங்க எனக்கு உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

சொல்லிவிட்டு எழுந்து, டேப்பை என் கழுத்திலிருந்து உருவி, என்னை நிற்க வைத்து என் தொப்பையைச் சுற்றி அளந்தாள். இழுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. நாற்பத்து நாலரை என்று ஈவு இரக்கமில்லாமல் அறிவித்தாள். மறுநாள் காலை அவர்களோடு நானும் நடக்கப் போனேன். முதல் நிறுத்தத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. குச்சி என் பையை வாங்கிக்கொண்டாள்.

ஆனால் அன்றிலிருந்து தன் இடுப்பை அளக்க என்னை விடவில்லை. மாசக் கடைசியில் கண்ணாடி முன்னால் தானே டேப்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். நான் மெஷினில் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். ஊரில் பாதிப் பேர் என் அளவை நம்பிக் கல்யாண உடுப்பு போட்டுக்கொள்கிறார்கள், என் பெண்ணுக்கு நம்பிக்கையில்லை. அவள் மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை, அதுவே பெரிய வேதனையாக இருந்தது. அளந்ததை அவள் ஒளிக்கவும் இல்லை. முப்பத்து மூன்று என்பாள், முப்பத்திரண்டே முக்கால் என்பாள். ஜன்னல் திரை என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரைத் தானே எழுதி, அதன் கீழே குறித்து வைத்தாள்.

நாலு மாதம் முடிந்து ரத்தம் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து முடிவை வாங்க மருத்துவமனைக்கு நானும் அவளும் போனோம். பேக்கரியில் விடுப்பு கிடைக்காததால் மனைவி வரவில்லை. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் அடித்துக்கொண்டிருந்தாள். பரிசோதனைக் கூடத்து ஜன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை. நான் நினைத்தேன், அவளே வாங்கிக்கொள்வாள், நான் பக்கத்தில் நின்றால் போதும் என்று. அவள் ரசீதை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க போய் வாங்கிப் படிச்சுட்டு வந்து சொல்லுங்கப்பா. நான் இங்கயே உக்கார்ந்திருக்கேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கூடத்தின் கோடியிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. என் முறை வந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை தாளை நீட்டியது. ஓரமாக நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றுக்கு மூன்று தடவை படித்தேன். ஐந்து புள்ளி ஒன்பது. ஐந்து புள்ளி ஏழுக்குக் கீழே வந்தால் கவலையில்லை என்றார்களே, வரவில்லை. அவ்வளவு நடந்து, அவ்வளவு மழையில் குடை பிடித்து, அவ்வளவு பன்னை வேண்டாம் என்று சொல்லி, இன்னும் வரவில்லை.

கூடத்தின் அந்தக் கோடியில் அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரியாகிவிட்டது என்று சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறேன். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அடுத்த பரிசோதனைக்குள் எப்படியும் இறங்கிவிடும், அப்போது யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று என் மனசு நூல் கோக்கத் தொடங்கிவிட்டது. நாற்பதடி தூரம் இருக்கும், நான் இவ்வளவு மெதுவாக என் ஆயுளில் நடந்ததில்லை.

அவள் எழுந்து நின்றாள்.

"அஞ்சு புள்ளி ஒன்பது" என்றேன். "இன்னும் எல்லைக்குள்ள வரலை கண்ணு."

அவள் உதடு ஒரு தரம் துடித்தது. கண் நிறைந்து, வழியாமல் நின்றது. நான் வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை, பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"ஆறு புள்ளி மூணுல இருந்துப்பா. நாலு படி இறங்கியிருக்கேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னும் மூணுதான்."

நான் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தாளை வாங்கிப் பார்க்கவில்லை.